கர்ச்சீப் போட்ட வளைவு

புத்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் எட்டேகால் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு பிடிப்பதைவிடப் பெரிய விளையாட்டு பூமியில் கிடையாது என்பது அம்சவேணியின் கட்சி. அந்த விளையாட்டில் அவள் இருபத்தொன்பது வருஷம் தோற்றதே இல்லை. ஒரே ஒரு தடவை தோற்றாள். அன்றைக்கு அவள் லீவு.

பஸ், ஸ்டாண்டுக்குள் மூக்கைத் திருப்பும்போதே அவள் ஓடிப்போய், ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் கம்பிக்கு நடுவே கர்ச்சீப்பை வீசுவாள். கர்ச்சீப் விழுந்த சீட்டு அவள் சீட்டு. கலெக்டரே ஏறினாலும் நின்றுகொண்டுதான் வரவேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது எழுதப்படவில்லை. சட்டப் புத்தகத்தில் எழுதியதை மீறுகிறவன்கூட இதை மீறமாட்டான். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருந்தால் அவர் மடியில் கர்ச்சீப் போட முடியாது.

திருப்பதி கரண்ட் ஆபீசில் பில் கவுன்ட்டரில் இருந்து அறுபத்திரண்டாவது வயதில் ரிட்டையர் ஆனாள். இத்தனை வருஷத்துக்கு ஆபீஸ் கொடுத்தது ஒரு சுவர்க் கடிகாரம். பள்ளிக்கூடத்திலும் அவள் ஒரு சோப்பு டப்பாகூடப் பரிசு வாங்கினதில்லை. அந்தக் கடைசி நாள் சாயங்காலம், கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றபோது மழை பிடித்தது. ஒதுங்கிய இடம் தனசேகரின் கேம் சென்டர். எட்டு ஸ்டீரிங், எட்டு திரை, ஏழு பையன்கள் கார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். "சும்மா நிக்கிறதுக்கு ஒரு ரவுண்டு ஓட்டுங்க மேடம்" என்றான் தனசேகர். மழை ஏழு மணிக்கு நின்றது. அம்சவேணி எட்டரைக்கு எழுந்தாள். ஏழு பையன்களில் ஆறு பேர் சுவரில் மோதிக் கிடந்தார்கள்.

அடுத்த மாதமே ரிட்டையர்மென்ட் பணத்தில் ஸ்டீரிங்கும் பெடலும் வாங்கினாள். உட்காருவதற்கு ரேணிகுண்டா இரும்புக்கடையில் ஒரு பழைய பஸ் சீட்டு கிடைத்தது. இருவர் உட்காரும் சீட்டு. ஜன்னல் பக்கம் அவள். மறுபக்கம் அவள் வீட்டுக்காரர் கோவர்த்தனன். மாந்தோப்பு வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முன்கம்பியைப் பிடித்துக்கொள்வார். திரையில் ஓடுகிற கார்தான். இருந்தாலும் வளைவு வரும்போதெல்லாம் அவர் வலதுகால் தரையை மிதிக்கும். வீட்டிலேயே பிரேக் போடுகிற கால் அது ஒன்றுதான்.

தனசேகர் நடத்துகிற ஆன்லைன் லீக்கில் இருபது பேர். சித்தூரிலிருந்து சத்தியவேடு வரை அவரவர் வீட்டில் உட்கார்ந்து, ஞாயிறு மதியம் மூணு மணிக்கு ஒரே சர்க்யூட்டில் ஓட்டுவார்கள். சர்க்யூட் ஐரோப்பாவில் எங்கேயோ இருப்பது. கடைசியில் வருகிற கூர்வளைவுக்கு மட்டும் இவர்கள் திருப்பதி மலையடிவாரத்தை நினைத்து அலிபிரி திருப்பம் என்று பெயர் வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் காதில் ஹெட்போன், வாயில் மைக். அறுபத்திரண்டு வயதில் அம்சவேணி தன்னை அக்கா என்று கூப்பிடச் சொன்னாள். மறுக்க லீக்கில் ஒருவருக்கும் நெஞ்சுரம் இல்லை.

ஓட்டுகிற விதமும் பஸ் ஸ்டாண்டு விதம்தான். முன்னால் போகிற கார் வளைவுக்காக மெதுவானால் இவள் மெதுவாகமாட்டாள். உள்பக்கம் ஒரு முழம் இடம் தெரிந்தால் போதும், மூக்கை நுழைத்துவிட்டு மைக்கில் "கர்ச்சீப் போட்டாச்சு!" என்று கத்துவாள். பாதிப்பேர் ஒதுங்குவார்கள். மீதிப்பேர் புல்லில் கிடப்பார்கள். லீக் விதியும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது: வளைவுக்குத் திரும்பும் முன் பக்கவாட்டில் வந்துவிட்டவருக்கு இடம் விடவேண்டும். திரும்பின பிறகு வந்தவருக்கு உரிமை இல்லை. இதில் முதல் வரியை அம்சவேணி மனப்பாடம் செய்திருந்தாள்.

ஒரு ரேஸில் முதலாவதாக வந்தால் இருபத்தைந்து புள்ளி. இப்படியாக ஒன்பது ரேஸ் முடிந்தபோது அடுத்தவனைவிட இருபத்தைந்து புள்ளி முன்னால் இருந்தாள். இன்னும் ஒரு ரேஸ் பாக்கி. அதில் கட்டைவண்டி மாதிரி ஊர்ந்து போனாலே கப் அவளுக்கு. கப்போடு சென்னையில் நடக்கும் பெரிய போட்டிக்கு லீக்கின் சார்பில் போகலாம். சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே அலமாரியில் ஓர் இடத்தைத் துடைத்து, கோலம்கூடப் போட்டுவைத்தாள்.

சிக்கல் ஒன்பதாவது ரேஸில்தான் இருந்தது. கடைசி லேப், அலிபிரி திருப்பம். முன்னால் ஹரிபிரசாத் போய்க்கொண்டிருந்தான். குடிபாலாக்காரன், இருபத்தைந்து வயது, ஸ்ரீ சிட்டி தொழிற்சாலை ஒன்றில் வேலை. வாராவாரம் ஊருக்கு வருவான். இடிக்காமல் ஓட்டுகிறவன் என்று பேர், புள்ளிக் கணக்கில் அவளுக்கு அடுத்தவன். அவன் வளைவுக்குத் திரும்பிவிட்டான். அம்சவேணி வந்தாள். வந்த வேகத்தில் அவன் கார் மூன்று சுற்றுச் சுற்றி மணலில் புதைந்தது. அவள் முதலாவதாக வந்தாள். அவன் ஒன்பதாவது.

மறுநாள் தனசேகர் எல்லாரையும் வீடியோ காலில் கூப்பிட்டு ரீப்ளே போட்டான். முன்னாலிருந்து, பின்னாலிருந்து, வானத்திலிருந்து என்று பதினோரு தடவை.

"இடிச்சது தெரியுது" என்றான் தனசேகர். "வேணும்னே இடிச்சீங்களா, கை தவறிப்போச்சா, அதுதான் தெரியல. தவறிப்போச்சுன்னா அஞ்சு செகண்ட் பெனால்டி. உங்க முதலிடம் போவாது. வேணும்னேன்னா அந்த ரேஸ் புள்ளி மொத்தமும் ரத்து. கடைசி ரேஸ்ல இருபதாவதா நின்னு கெளம்பணும்."

"நெட்டு நின்னுபோச்சு தம்பி" என்றாள் அம்சவேணி. "எங்க புத்தூர்ல அன்னிக்கி நெட்டு இன்னா மாதிரி இருந்துச்சு தெரியுமா? ஒரு போட்டோ அனுப்பினா பொங்கலுக்குப் போய்ச் சேரும்."

"நெட்டு நல்லாதான் இருந்துச்சுக்கா. சர்வர்ல பாத்தேன்."

"அப்ப பெடல்ல கால் வழுக்கிச்சு."

ஹரிபிரசாத் மெதுவாகச் சொன்னான்: "அக்கா, சண்டை வேணாம். காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னாடி, வேணும்னே இடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் நம்பிக்கினு போயிடறேன்."

வீடியோ காலில் இருபது கட்டத்திலும் ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சித்தூர் ஜில்லாவில் பிறந்தவனுக்கு இதை விளக்கவேண்டாம். வரப்புத் தகராறோ கோழி காணாமல் போனதோ, கடைசியாக வந்து நிற்கிற இடம் காணிப்பாக்கம்தான். அங்கே குளத்தில் முழுகி, பிள்ளையார் முன்னால் நின்று சத்தியம் பண்ணினால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. பொய்ச் சத்தியம் பண்ணினவன் என்ன ஆனான் என்று ஊருக்கு நூறு கதை. கோர்ட்டில் நாற்பது பொய் சரளமாகச் சொல்லும் ஆள்கூட அந்தப் படியில் தண்ணீர் கேட்பான்.

"வர்றேன்" என்றாள் அம்சவேணி. "சனிக்கிழமை வர்றேன். பத்து மணிக்கு."

வீடியோவை அணைத்ததும் கோவர்த்தனன் கேட்டார்: "இன்னா வேணி, வேணும்னேதானே இடிச்ச?"

"நீங்க பாத்தீங்களா?"

"பக்கத்து சீட்லதானே இருந்தேன்! 'இருடி மாப்ளே, வர்றேன்'னு சொல்லிக்கினே மிதிச்சயே!"

"அது சாமிக்குக் கேட்டிருக்காது. எனக்கே கேக்கல, ஹெட்போன்ல அம்மாஞ் சத்தம்."

அந்த வாரம் முழுக்க அவள் சத்தியத்தை எழுதிப் பார்த்தாள். இருபத்தொன்பது வருஷம் ஆபீசில் மேலதிகாரிக்கு விளக்கக் கடிதம் எழுதின கை. 'ஹரிபிரசாத்துக்குத் தீங்கு செய்யும் எண்ணம் எனக்கில்லை.' உண்மைதான், அவன்மேல் அவளுக்கு என்ன பகை? 'என் கால் பிரேக் பெடலின்மேல் இருந்தது.' இதுவும் உண்மை. மேலே இருந்தது, அவ்வளவுதான். 'அவருடைய காரை நான் முழுமையாகப் பார்க்கவில்லை.' முழுமையாக என்றால், அடிப்பக்கத்தை அவள் பார்க்கவே இல்லை. பதினேழு வாக்கியம் தேறியது. ஒவ்வொன்றையும் கோவர்த்தனனிடம் படித்துக் காட்டினாள்.

"பிள்ளையாருக்கு இங்கிலீசு, தெலுங்கு, தமிழ் எல்லாம் தெரியும்" என்றார் அவர். "ஆபீசு பாஷை தெரியுமான்னுதான் தெரியல. அதை நம்பிப் போ."

சனிக்கிழமை சங்கடஹர சதுர்த்தியாகப் போயிற்று. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் காணிப்பாக்கம் பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தை எண்ணினால் இரண்டு சட்டமன்றத் தொகுதி தேறும். பஸ் திரும்பியது. அறுபத்திரண்டு வயதும் முட்டிவலியும் எங்கேயோ போக, அம்சவேணி ஓடினாள். பச்சைக் கரை போட்ட கர்ச்சீப் ஜன்னல் கம்பிக்குள் அம்பு மாதிரி போய் விழுந்தது. கர்ச்சீப் போய்விட்டது, அவளால்தான் போக முடியவில்லை. படியில் ஒரு நெரிசல். நாலு பேர், எட்டுப் பேர், அவளைத் தாண்டி நாற்பது பேர் ஏறினார்கள். அவள் உள்ளே வரும்போது பஸ்ஸில் காற்றுக்கே நிற்க இடமில்லை. சரி, இன்றைக்கு இரண்டாவது தோல்வி என்று நினைத்துக்கொண்டாள்.

நடுவில் ஏதோ சத்தம். ஒரு பெரிய மனுஷர், அவருக்கே இரண்டு டிக்கெட் போடலாம் போன்றவர், தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தார்: "எவ்வரூ லேரு கதா! ஜருகு!" யாரும் இல்லையே, நகரு என்கிறார். அவரை மறித்துக்கொண்டு ஒல்லியாக ஒருவன், கம்பிக்கும் கம்பிக்கும் கையை விரித்து நின்றான். அவனுக்குப் பின்னால் காலி சீட்டு. சீட்டில் பச்சைக் கரை கர்ச்சீப்.

"கர்ச்சீப் வேசாருண்ணா" என்றான் அவன். "வேசினவாள்ளு ஒஸ்தாரு." கர்ச்சீப் போட்டிருக்கிறார்கள், போட்டவர் வருவார் என்று அர்த்தம். நெற்றியில் வியர்வை ஓடியது, ஆனாலும் கை இறங்கவில்லை.

ஹரிபிரசாத்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அம்சவேணி எதிரே வந்து நின்றதும் அவன் முகம் வெளுத்தது. "உங்க கர்ச்சீப்பாக்கா இது?"

"என்துதான்."

"உக்காருங்க. யாரையும் உக்கார விடல."

"நீ உக்காந்திருக்கலாமே? காலியாதானே இருந்துச்சு?"

"கர்ச்சீப் கெடக்குதே அக்கா, எப்படி உக்கார்றது?" என்றான், சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதைப் போல.

அவள் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது. அப்போதுதான் அவன் இடது கட்டைவிரலைப் பார்த்தாள். பத்தைக்குச்சி வைத்து, இலை மருந்து பூசி, துணி சுற்றி, குட்டிக் கரும்பு மாதிரி இருந்தது. புத்தூர் கட்டு. தெற்கத்தி ஜனங்களில் பாதிப்பேருடைய எலும்பு அவள் ஊரில்தான் ஒட்டுகிறது. அவளுக்கு அது தெரியாமல் போகுமா?

"இன்னாடா இது?"

"ஒண்ணும் இல்லக்கா. அன்னிக்கி இடிச்சப்போ ஸ்டீரிங்கு ஒரு ஒதறு ஒதறிச்சு. வெரல் மாட்டிக்கிச்சு. பிசகல்தான்."

"கட்டுப் போட எங்க ஊருக்கு வந்திருக்க. எங்க வூட்டுக்கு ஒரு காபி துன்ன வர்லியே?"

"காபி குடிக்கிறதுதானேக்கா?"

"எங்க வூட்டுக் காபி அவ்ளோ திக்கு."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு காணிப்பாக்கம் வரும்வரை அம்சவேணி வாய் திறக்கவில்லை. பதினோரு கிலோமீட்டர் அவள் பேசாமல் வந்தது, புத்தூர் சரித்திரத்தில் கல்வெட்டில் பொறிக்கவேண்டிய விஷயம். பையில் பதினேழு வாக்கியம் எழுதின காகிதம் இருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டே வந்தாள். அவளுடைய சட்டம் அது. இருபத்தொன்பது வருஷம் அதைச் சொல்லி ஊரை மிரட்டியிருக்கிறாள். அவளே அதில் பாதியைத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். முழுசாக வைத்திருந்தவன் கட்டுப்போட்ட விரலோடு பக்கத்தில் நின்றுகொண்டு வருகிறான்.

கோயில் வாசலில் தனசேகர் காத்திருந்தான். அம்சவேணி தோள்பையோடேயே குளத்தில் முழுகி, ஈரப் புடவையோடு வந்தாள். இந்தப் பிள்ளையார் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துகொண்டே இருக்கிறார் என்பது ஊர் நம்பிக்கை. எதைச் சொன்னாலும் வளர்த்துச் சொல்லும் அம்சவேணிக்கு அதனாலேயே அவர்மேல் தனிப் பிரியம். சன்னதியில் நெருக்கித் தள்ளினார்கள். பையிலிருந்த காகிதம் தண்ணீரில் ஊறிக் கூழாகியிருந்தது. அவள் அதைத் தேடவும் இல்லை.

"சாமி" என்றாள் சத்தமாக. முன்னால் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "வேணும்னேதான் இடிச்சேன். மூணு லேப்பா பிளான் பண்ணினேன்."

தனசேகர் தயங்கி, "ரீப்ளேல ஒரு லேப்னுதானேக்கா தெரியுது?" என்றான்.

அவள் பிள்ளையாரைப் பார்த்தாள். "ஒரு லேப்புதான்" என்று திருத்தினாள். அவள் வாயிலிருந்து ஒரு எண்ணிக்கை குறைந்து வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. "அவன் திரும்பினத பாத்தேன். சீட்டுல ஆள் உக்காந்தாச்சுன்னு தெரிஞ்சும் மடிமேல போய் விழுந்தேன். நெட்டுமேல தப்பில்ல."

வெளியே வந்ததும் தலையைத் துவட்டிக்கொண்டே ஹரிபிரசாத்திடம் திரும்பினாள். "இப்ப நீ சொல்லு. அந்த லேப்ல எனக்கு வழி விடாம ரெண்டு வாட்டி குறுக்கால மறிச்சயா இல்லியா? உள்ள போய்ச் சொல்லு."

"ரெண்டு வாட்டி இல்லக்கா" என்றான் அவன், குளத்தைப் பார்த்தபடி. "ஒன்றரை வாட்டி. அக்கா, பஸ் வந்துட்ட மாதிரி இருக்குதே?"

தனசேகர் கையிலிருந்த விதிப்புத்தகத்தை அவசரமாக மூடினான். "போதும் போதும். எல்லாரும் உண்மை பேச ஆரம்பிச்சா கடைசி ரேஸுக்கு ஓட்ட ஆள் இருக்காது."

ஒன்பதாவது ரேஸ் புள்ளி ரத்தாயிற்று. இருவரும் சமம். கடைசி ரேஸில் இருவரில் யார் முன்னால் வருகிறாரோ அவருக்குக் கப்.

இரண்டு வாரம் கழித்து ஞாயிறு மூணு மணி. ஹரிபிரசாத் கட்டைப் பிரித்து மூணு நாள் ஆகியிருந்தது. அவன் முதல் வரிசையில் நின்றான். அம்சவேணி இருபதாவது. கோவர்த்தனன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முன்கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா வேணி, இடிக்காம இத்தினி பேரைத் தாண்டுவியா?"

"இடிச்சுத் தாண்டறது சோம்பேறி வேலைங்க. இன்னிக்கிப் பாருங்க."

பார்த்தார். பஸ் ஸ்டாண்டில் கற்ற மீதி வித்தையை அவள் அன்றைக்குத்தான் வெளியே எடுத்தாள். கர்ச்சீப் முதலில் விழவேண்டுமானால் பஸ் எந்தப் பக்கம் திரும்பும் என்று டிரைவருக்கே தெரிவதற்கு முன் தெரியவேண்டும். ஒவ்வொரு காரும் எங்கே மெதுவாகிறது, எவனுக்கு எந்த வளைவு பயம் என்று பார்த்துவைத்து, திரும்புவதற்கு நாலு கஜம் முன்னாலேயே பக்கத்தில் போய் நின்றாள். "கர்ச்சீப்" என்றாள், கத்தாமல். ஒதுங்கினார்கள். ஒதுங்காதவனுக்குப் பின்னால் காத்திருந்து அடுத்த வளைவில் போட்டாள். அன்றைக்கு ஒரு காருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. கோவர்த்தனனின் வலதுகாலுக்கு மட்டும் தசைப்பிடிப்பு.

கடைசி லேப். அவள் இரண்டாவது. முன்னால் ஒரே ஒரு நீலக் கார். அலிபிரி திருப்பம் வந்தது. அதே வளைவு, அதே ஒரு முழம் இடம்.

நுழைந்தாள். மூக்கு அவன் பின்சக்கரம்வரை போயிற்று. நீலக் கார் திரும்ப ஆரம்பித்துவிட்டது. அரை நொடிதான் அவள் தாமதம்.

"உக்காந்துட்டான்" என்றாள் அம்சவேணி.

பிரேக் மிதித்தாள். பெடலுக்கு அன்றைக்குத்தான் தன் பிறவிப்பயன் தெரிந்திருக்கும். கோவர்த்தனன் தன் காலால்தான் வண்டி நின்றது என்றே நம்பினார். உள்பக்கத்தைக் காக்கப்போன நீலக் கார் வளைவு முடிவில் வெளிப்பக்கமாக விலகி ஓடியது. அவள் தாமதமாகத் திரும்பி, நேராக்கி, முழுசாக அழுத்தினாள். இரண்டு காரும் தோளோடு தோள். அவன் அவளுக்கு ஒரு கார் அகலம் விட்டான். அவளும் விட்டாள். கோட்டைத் தாண்டினார்கள்.

திரையில் எழுத்து வர ஒரு யுகம் ஆயிற்று. ஹரிபிரசாத் முதல். வித்தியாசம் ஒரு நொடியில் நூற்றில் மூணு பங்கு.

அம்சவேணி எழுந்து நின்று கைதட்டினாள். "பாத்தீங்களா! இருபதாவதுலேந்து வந்து மயிரிழைல! மயிரிழைகூட இல்ல, அதை நாலா கிழிச்சா ஒண்ணு!"

"கப் போச்சே" என்றார் கோவர்த்தனன்.

"கோலத்தை அழிக்காதீங்க. அடுத்த வருஷம் அதே எடம்."

ஹெட்போனில் தனசேகர் தொண்டையைக் கனைத்தான். "அக்கா, ஒரு புகார் வந்திருக்குது. ஹரி குடுத்திருக்கான்."

"நானா? இன்னிக்கா? யாரைத் தொட்டேன்?"

"யாரையும் தொடல. அதான் புகாரே. அலிபிரில நீங்க பிரேக் போட்டீங்களாம். விரல் அடிபட்டிருக்குதேன்னு இரக்கப்பட்டு விட்டுக் குடுத்தீங்களான்னு கேக்கறான். விட்டுக் குடுத்த கப் வேணாமாம்."

ஹரிபிரசாத்தின் குரல் குறுக்கே வந்தது. "கேக்கறேன்னு கோச்சிக்காதீங்கக்கா. நீங்க பிரேக் போட்டு நான் பாத்ததே இல்ல. அதான்."

இந்தத் தடவை அம்சவேணி வாக்கியம் எழுத வேண்டியதில்லை. பதினேழு வேண்டாம், ஒன்றே போதும்: ஜெயிக்கத்தான் ஓட்டினேன், அரை நொடி பிந்திட்டேன். குளத்தில் முழுகி, எத்தனை பெரிய பிள்ளையார் முன்னாலும் சொல்லலாம்.

"டேய் தம்பி" என்றாள். "இரக்கமா? உன்மேலயா? சனிக்கிழமை காணிப்பாக்கம் வா, சத்தியம் பண்ணிட்டுப் போறேன். முன்னாடி வர்றவங்க கர்ச்சீப் போட்டு வைக்கணும், தெரிஞ்சுதா? எனக்கு ஜன்னல் சீட்டு."